வலது பக்கம்

தொப்புளைச் சுற்றித்தான் முதலில்.
"கேஸ்" என்றான் கீழ்க்கட்டில் அருளானந்து.
மெஸ் பருப்பைத் திட்டிக்கொண்டே
ஈனோ கரைத்தான்.

விடியுமுன் வலி
வலது அடிவயிற்றுக்கு இறங்கி
இக்காமா இல்லாமலே
குடியேறிவிட்டது.
கூடவே காய்ச்சல், வாந்தி.

ஜுபைல் ஆஸ்பத்திரியில்
எகிப்து டாக்டர் அழுத்தினார். தாங்கிக்கொண்டேன்.
சட்டென்று கையை எடுத்தார்.
"அம்மா!"
மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை அவருக்கு.

குடல்வால். வெடிப்பதற்குள் எடுத்தாக வேண்டும்.
கையெழுத்து போட்டேன்.
மூன்று துளை.
சுண்டுவிரல் அளவுதானாம்,
நான் பார்க்கவில்லை.

சில வாரம் பாரம் தூக்கக் கூடாது.
சாரம் கட்டுகிறவன் வேறென்ன தூக்குவான்?
ஃபோர்மேன் காலண்டரைப் பார்க்கிறார்.

வீட்டில் "சளி, லீவு" என்றிருக்கிறேன்.
வீடியோ காலில் மகள் ஜோக் சொல்கிறாள்.
தையலைப் பொத்திக்கொள்கிறேன்.
"அம்மா, வந்து பாரேன்,
அப்பா வயிறு வலிக்கச் சிரிக்கிறார்!"