பழுது காணப்படவில்லை

நேற்று இரவு ஷிப்ட்டில்
வடக்கிலிருந்து ஒரு பெட்டி வந்தது.
அனுப்பிய ஊரின் பெயர் பத்தொன்பது எழுத்து,
வாயில் நுழையவில்லை.
மூன்று எழுத்தின் தலையில் மட்டும் புள்ளி,
நம் மெய்யெழுத்தைப் போல.

நுரைப்பஞ்சைப் பிரித்தால் உள்ளே
இரண்டு வருஷத்துக்கு முன் நானே சோதித்து
நானே முத்திரை ஒட்டி அனுப்பிய சாய்வுமானி.
வரிசை எண் நாற்பத்தேழில் முடிகிறது.
உள்ளங்கை அளவுதான்.
ஏதோ ஓர் எரிமலையின் தோளில் கிடக்கும் பனியாற்றில்
துளையிட்டு இதை நட்டிருக்கிறார்கள்.
மலை மூச்சை உள்ளே இழுத்தால் இது சொல்ல வேண்டும்.
மயிரிழையை ஆயிரமாய்க் கிழித்து
அதில் ஒரு கீற்று சாய்ந்தாலும் சொல்ல வேண்டும்.

சொல்லியிருக்கிறது. அதுதான் புகார்.
ஜூன் முதல் தினமும் சாய்வு காட்டுகிறது,
மலையோ அமைதியாக இருக்கிறது,
ஆகவே கருவி பழுது
என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

குளிர்ப்பெட்டியை மைனஸ் நாற்பதுக்கு இறக்கினேன்.
வெளியே பாயான் லெப்பாஸ்
இரவு இரண்டு மணிக்கும் வேர்த்துக்கொண்டிருந்தது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் வடதுருவம்.
அதன் மின்கட்டணம் உன் சம்பளத்தைவிட அதிகம் என்பார்
சூப்பர்வைசர் கூ செங் ஹுவாட்.
என் சம்பளம் அவருக்குத் தெரியும்.

உறையவிட்டேன். சூடாக்கினேன். ஆட்டினேன்.
கருங்கல் மேடையில் நான்கு மணி நேரம்
தொடாமல் கிடத்தினேன்.
பூஜ்யம்.
பூஜ்யம்.
திரையில் கோடு கோடாகவே ஓடியது.
ரொஸ்னானி எட்டிப் பார்த்துவிட்டு,
பொய் சொல்லத் தெரியாத சாமான், தனேஸ், என்றாள்.

அப்படியானால் சாய்ந்தது எது?
மலை இல்லை. இதுவும் இல்லை.
நட்ட இடம்.
காலடிப் பனி தண்ணீராகிப் போய்க்கொண்டே இருக்க
நின்ற இடம் போவதை
நின்றபடியே எழுதியிருக்கிறது
நாள் தவறாமல், நிமிஷம் தவறாமல்,
யாரும் கேட்காத கேள்விக்குப் பதிலாக.

காரணம் குறிக்கப் படிவத்தில் ஆறு கட்டங்கள்.
ஈரம். விரிசல். பற்றவைப்பு. மின்னழுத்தம்.
கையாண்டவர் தவறு.
பிற.
பிற என்பதில் இருபது எழுத்துக்குத்தான் இடம்.
அந்த ஊரின் பெயரை எழுதினால்
மிச்சம் ஒன்று.

அப்படியே விட்டுவிட்டு ஏழு மணிக்கு வெளியே வந்தேன்.
வாசலில் பையைச் சோதித்த நேப்பாளிக் காவலர் தில் பகதூர்
என் சட்டைக் கையைப் பார்த்தார்.
மூடியின் திருகுச் சந்திலிருந்து உதிர்ந்த
சாம்பல்நிறப் பொடி.
இரண்டு விரலில் தேய்த்தார், வெகுநேரம்.
எங்கள் ஊர் ஆற்றில் வரும், என்றார் மலாயில்.
பனி, பாறையை அரைத்த மாவு.
முன்பெல்லாம் ஆறு பால்மாதிரி இருக்கும்,
இப்போது
என்று தொடங்கியவர்
பின்னால் வரிசை நீள்வதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.
வெளியே கொண்டுபோகக் கூடாத பொருள் பட்டியலில்
இது இல்லை என்று சொல்லி
என்னைப் போகவிட்டார்.

பத்து மாவுங் போகும் வழியில் மழையே இல்லை,
சாக்கடை மூடி வழியாகக் கடல் ஏறியிருந்தது.
பௌர்ணமிக்கு மறுநாள் வழக்கம்தான்.
போன வருஷம் செருப்பு நனைந்தது.
இப்போது கணுக்கால்.
தள்ளிக்கொண்டே வந்து வீட்டெதிரே
மோட்டாருக்கு ஸ்டாண்டு போட்டுத் திரும்பினேன்.
அவசரமே இல்லாமல் அது சாய்ந்தது,
ஒரு விரல், இரண்டு விரல்,
பிறகு முழுசாக.

மோட்டாரில் பழுது இல்லை.

இன்றிரவு போய் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும்.
தலையில் புள்ளி வைத்தால்தான் மெய்.
ஆயிரம் ஆயிரமாய்ப் புள்ளி வைத்து அனுப்பியதை
பழுது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.
இருபது எழுத்தில் என்னவென்று எழுத?

முதலில் இதை நிமிர்த்த வேண்டும்.
ஹேண்டில் வழுக்குகிறது.
கையெல்லாம் உப்பு.