உறை

மின்சாரம் போக இன்னும் பன்னிரண்டு நிமிடம்.
சாட்ஸ்வொர்த், யூனிட் ஏழு.
உறைபெட்டியில்
பட்டாணிப் பைக்கும் மீன் தலைக்கும் நடுவே
நான் படுத்திருக்கிறேன்:
சுண்டுவிரல் நீளக் குழாய், நீல மூடி,
எண் 0417.

செவ்வாய்க்கிழமை காலை எடுத்தது.
குளியலறையைத் தாழிட்டு
ஒரு காலைத் தூக்கி வாளிமேல் வைத்து
பஞ்சுக்குச்சியைப் பத்து எண்ணும்வரை சுழற்ற வேண்டும்.
ஏழில் கதவைத் தட்டினார், பிளேடு வேண்டுமாம்.
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

படிவத்தில் அந்த இடத்துக்கு முழுப்பெயர் இருந்தது.
நாற்பத்திரண்டு வருடமாய்
'அங்கே' என்றே சொல்லிப் பழகிய வாய்
அதை ஒருமுறை கூட்டிப் படித்தது.
இருபத்திரண்டு கேள்விகள்.
எத்தனை பிள்ளை, என்ன சோப்பு, எப்போது தூரம்.
கடைசி ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்:
மொபேனி ஆலையில் ஒன்பது மணி நேரம் தைக்கிறோம்.
எத்தனை முறை கழிப்பறைக்கு விடுகிறார்கள் என்று
ஏன் கேட்கவில்லை?

வியாழன்வரை உருகக் கூடாது,
உருகினால் உள்ளே உறைபவை
கதையை மாற்றிச் சொல்லிவிடும்
என்றிருந்தாள் நொம்தண்டாசோ.
என் பெட்டிக்கோ ரப்பர் கிழிந்து ஐந்து வருடம்.

ரொட்டிப் பைக்குள் ஐஸ், ஐஸுக்குள் குழாய்.
இறக்கத்தில் விளக்குகள் தெருத்தெருவாய் அணைந்து வர
மூட்லியின் மீன்கடைக்கு ஓடினேன்.
அங்கேதான் ஜெனரேட்டர்.

எனக்கு முன்னால் சாலாட்சி,
கையில் குழந்தையின் சாப்பாட்டு டப்பா.
அவளுக்கு முன்னால் பாட்டு டீச்சர் பூபதி,
சுருதிப்பெட்டி உறைக்குள் எதையோ அணைத்தபடி.
பின்னால் மூச்சு வாங்க
மாடிவீட்டு தனபாக்கியம்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ஒரே நீல மூடி நான்கு பையிலும் எட்டிப் பார்த்தது.

"என்னக்கா இது?" என்றான் மூட்லியின் மகன்.
"தயிருக்கு உறை, தம்பி.
பத்திரமா வை. திறந்து பார்க்காதே."
சாலாட்சி சொன்னதும்
பூபதி டீச்சருக்குச் சிரிப்பு பீறிட்டு
டீசல் புகையில் இருமலாகி
எங்கள் நால்வருக்கும் தொற்றியது.
அரிப்பு என்றாள் ஒருத்தி, மெதுவாக.
எனக்குமா என்றாள் இன்னொருத்தி.
இரண்டரை மணி நேர இருட்டில்
இருபது வருடம் பேசினோம்.

பொய் சொல்லவில்லை சாலாட்சி.
எட்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது:
பாலைத் தயிராக்கும் குலத்தின் உறவுகள்தாம்
அங்கே காவல் இருப்பவை.
என்னிடம் குறைவு. மற்றவை அதிகம்.
நோயா? உறுதியில்லை.
ஏன்? இன்னும் தெரியாது.

தெரியாது என்று யாரும்
எனக்கு இதற்குமுன் எழுதியதில்லை.
டாக்டர்கள் தலை நிமிராமல்
அதே களிம்பைத்தான் எழுதினார்கள்.

கடித உறைக்குள் இன்னொரு தாள்,
இரண்டாம் சுற்றுப் படிவம்.
கேள்வி 23, அச்சில்:
வேலை நேரத்தில் எத்தனை முறை
கழிப்பறைக்குப் போக முடிகிறது?

பேனாவை எடுத்தேன்.
இரண்டு.
அதில் ஒன்றுக்குச் சீட்டு வாங்க வேண்டும்.