சந்திப்பிழை

இம்பீரியல் ரோட்டைத் தோண்டிப் போட்ட நாள்முதல்
புதுப்பாளையத்தில் எங்கள் தெருவைக்
கண்டுபிடித்துவிட்டார்கள்.

பதினோரு அடி அகலம்.
இருபுறமும் சாக்கடை, அதைத் தாண்டி இறங்கும் படிகள்,
ஒரு டிரான்ஸ்பார்மர்,
கலியவரதனின் இஸ்திரி வண்டி,
அஞ்சலாட்சி கழுவிக் கவிழ்த்த மாவு டிரம்கள்.
மிச்சத்தில்தான் நாங்கள் நடக்கிறோம்.
மிச்சத்தில்தான் அவர்களும் வருகிறார்கள்.

நடைபாதை என்றால் நடைக்கு உரிய பாதை,
உருபும் பயனும் தொக்கி நிற்கின்றன என்று
பத்தாம் வகுப்பு டியூஷனில் சொல்லித்தருவேன்.
எங்கள் தெருவில்
பாதையும் தொக்கி நிற்கிறது.

ஹாரனுக்கும் குறில் நெடில் உண்டு.
குறில்: நான் வருகிறேன்.
நெடில்: நீ இல்லை.
விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு
சிப்காட் கம்பெனி வேன் அடிப்பது
அளபெடை.

போன மாதம் ஒரு ஞாயிறு.
சில்வர் பீச்சிலிருந்து திரும்பும் கார்கள்
சக்கரத்து மணலை எங்கள் வாசல்களில் உதிர்த்தபடி போகும் நேரம்.
கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன்.
தெரு வளைகிற சந்தியில்
தோன்றல்: ஒரு வெள்ளைக் கார்.
திரிதல்: சுவரோடு சுவராக நான்.
கெடுதல்: பையிலிருந்த பன்னிரண்டு முட்டையில் ஒன்பது.

கண்ணாடியை இறக்கி
“பார்த்து வரக் கூடாதா மேடம்” என்றார்.
ஸ்டியரிங்கில் அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.
பின்சீட்டில் ஈரத் தலையோடு ஒரு குழந்தை தூங்கியது.
அந்த இரண்டையும் நான் பார்த்திருக்கக் கூடாது.
நல்ல வசவு ஒன்று
வீணாகப் போயிற்று.

மறுநாள் காலை சந்தியில் மூன்று கல்.
மேலே ஒன்று, கீழே இரண்டு.
அச்சு அசலாக ஆய்த எழுத்து.
யார் வைத்தது என்றதற்கு
“காத்துல வந்திருக்கும்” என்றார் தேசிங்கு.
தானே புயலைப் பார்த்த ஊர்.
யாரும் மறுக்கவில்லை.

மூன்று நாள்
கார்கள் பாம்பு மாதிரி நெளிந்து போயின.
ஹாஜிரா நடுத்தெருவில் ஸ்கிப்பிங் ஆடினாள்,
நூற்றி நான்குவரை எண்ணியது எனக்கே கேட்டது.
நான் கைவீசி நடந்தேன்.
கை இவ்வளவு தூரம் போகும் என்பதே மறந்திருந்தது.

நான்காம் இரவு கரண்ட் இல்லை.
மெடிக்கல் ஷாப்பை மூடிவிட்டு வந்த அஞ்சலாட்சியின் மகன்
மேல்கல்லில் மோதி விழுந்தான்.
பைக்கின் ரிம் வளைந்தது. முழங்கையில் ஆறு தையல்.
டார்ச்சோடு ஓடிவந்த நாங்கள் எல்லோரும்
தரையைத் தவிர வேறெங்கும் வெளிச்சம் அடிக்கவில்லை.

அஞ்சலாட்சி ஒரு வார்த்தை பேசவில்லை.
விடிந்ததும் அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு போய்
மாவு டிரம் மூடிமேல் பாரமாக வைத்தாள்.
அவள் குனிந்து, அணைத்து, இடுப்பில் ஏற்றிய விதத்திலேயே தெரிந்தது,
அவளுக்கு அந்தக் கல்
ஏற்கனவே பழக்கம்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தேன்.

புதன்கிழமை மஞ்சக்குப்பத்தில் டியூஷன்.
இருபது நிமிஷம் லேட்.
பெயர் தெரியாத ஏதோ ஒரு தெருவில்,
அகலம் பதினோரு அடிதான் இருக்கும்,
ஸ்கூட்டியில் போன நான்
நெடில் அடித்தேன்.

ஒரு பெண் சட்டென்று சுவர்ப்பக்கம் திரிந்தாள்.
கையிலிருந்த பையைத்
தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.
உள்ளே என்ன இருந்ததோ.
பக்கக் கண்ணாடியில் அவள் சின்னதாகிக்கொண்டே போனாள்,
வாய் மட்டும் அசைந்தது.
சத்தம் கேட்கவில்லை.
ஆனால் அன்று நான் வீணாக்கிய அதே வார்த்தை,
ஒற்றுப்பிழைகூட இல்லாமல்.

எங்கள் சந்தியில் இப்போது இரண்டு கல் மிச்சம்,
படுத்துக் கிடக்கும் முக்காற்புள்ளி.
அதற்குப் பிறகு விளக்கம் வர வேண்டும் என்பது விதி.
மூன்று வாரமாக எதுவும் வரவில்லை,
வண்டிகள்தான் வருகின்றன.

இரண்டுக்கும் நடுவே
ஒரு ஸ்கூட்டி போகிற இடம் இருக்கிறது.
இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன்.
பின்னால் ஏதோ ஒரு கார்,
குறில்,
மறுபடியும் குறில்.
நெடிலாவதற்குள்
வீட்டு கேட்டைத் திறந்துவிட வேண்டும்.