சமத்து

திரிலோக்புரி, ஜனவரி.
பனிமூட்டத்தில் எதிர்வீடு இல்லை.

"ரொம்பச் சமத்துங்க, சத்தமே வராது"
என்கிறார் பக்கத்து வீட்டு வசுமதி.
பதினோரு வருட வேலையில்
நான் பயப்படக் கற்றுக்கொண்ட சொல் அது.

வீட்டில் ஃபிரிட்ஜ் உண்டு, கீசர் உண்டு.
ஸ்வெட்டரும் உண்டு. மூன்று வயதில் வாங்கியது,
முழங்கையோடு நின்றுவிடுகிறது.
சுபிக்ஷாவுக்கு இப்போது ஆறு.

காலையில் போன சந்தில்
ஒட்டுப்போட்ட தகரக் கூரைக்குக் கீழே
ஒரு பயல் விழுந்தான், ஊரைக் கூட்டினான்,
மாவுக் கையோடு ஓடிவந்தாள் அம்மா.
அங்கே எழுத எனக்கு ஒன்றுமில்லை.

இவளும் விழுந்தாள், என் பையின் வார் தடுக்கி.
யாரையும் தேடாமல் எழுந்தாள்.
முட்டியைத் தானே ஊதிக்கொண்டாள்.

பிஸ்கட் கொடுத்தேன். பாதியைத் தின்று
மீதியைக் காலுறைக்குள் செருகினாள்.
"தம்பிக்கா?"
"தம்பி இல்ல. நாளைக்கு."

படிவத்தில் 'காயங்கள்' என்றொரு கட்டம்.
இல்லை என்றுதான் எழுதவேண்டும்.
எழுதினேன்.

பையை எடுத்ததும் கேட்டாள்:
"வெளிய பூட்டிட்டுப் போவீங்களா,
நானே உள்ள தாப்பா போட்டுக்கவா?"

பையைத் திரும்பக் கீழே வைத்தேன்.