மஞ்சள் சட்டம்

ப்ளுவெனெக் நகராட்சியில் கடிதம் பிரிப்பவள் நான்.
அந்த வசந்தத்தில் வந்தவை எல்லாம்
புல்லைப் பற்றித்தான்.

"என் கணவர் நாற்பது வருடம் தினமும் சவரம் செய்தவர்.
இப்போது அவர் மேல் தாடி வளர்கிறது."
மரிவோன் கெமெனெர், மூன்றாம் வரிசை, கருங்கல்.

"செத்தவர்களுக்கு ஓட்டு இல்லை என்றுதானே?"
பெயர் போடாதவர்.
கையெழுத்து தெரியும்,
ரொட்டிக்கடைக் கணக்குச் சீட்டில் பார்த்தது.

பள்ளி முற்றத்தில் மருந்தை நிறுத்தினோம்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
கால்பந்துத் திடலில் நிறுத்தினோம்.
முணுமுணுத்தார்கள்.
கல்லறைத் தோட்டத்தில் நிறுத்தினோம்,
ஊரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

கூல்வென் இருபத்திரண்டு வருடம் தெளித்தவன்.
முதுகில் தகர டப்பா, இடது கையில் குழல்,
கடல்காற்று திரும்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.
ஏப்ரல் தோறும்
சரளைக்கல்லை எலும்பு மாதிரி வெளுக்க வைத்தவன்.
அவனையே பேசச் சொன்னார்கள்.
எழுந்தான். தொப்பியைக் கழற்றினான்.
"என் நாய் அந்த வருடம்" என்று தொடங்கி
"ஆறு களைக்கொத்து வாங்கிக் கொடுங்கள்" என்று முடித்தான்.
நடுவில் இருந்ததை
ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு வியாழக்கிழமைகள்.
முழங்காலுக்குக் கீழே சாக்குப்பை மடித்துப் போட்டு
வேரோடு பிடுங்கினோம்.
வேலித்தகராறில் பேச்சை நிறுத்திய ரிவாலும் த்யுக்துவாலும்
ஒரே கல்லின் இரு முனையில் தொடங்கி
நடுவில் வந்து முட்டிக்கொண்டார்கள்.
"உன் பக்கம் இன்னும் இருக்கு" என்றான் ஒருவன்.
ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் வாக்கியம்.
போர்த்துகலில் இருந்து வந்த இல்டா
எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பாள்.
உனக்கு இங்கே யார் என்று கேட்டால்
"இன்னும் யாருமில்லை" என்பாள்,
இடம் பார்க்க வந்தவள் போல.

அப்படியும் ஜூனில்
எட்டாம் வரிசையில் ஒரு கல்லைச் சுற்றி
மஞ்சளாய் ஒரு சட்டம்.
படத்துக்கு மாட்டுவது போல
நான்கு பக்கமும் நேராக, ஒரு முழ அகலத்தில்,
காய்ந்து கருகிய புல்.
யாரோ இரவில் தெளித்திருக்கிறார்கள்.
நகராட்சியின் சட்டத்துக்கு
மண்ணே எழுதிய மறுப்பு.

கல்லில் இருந்தது என் அம்மாவின் பெயர்.

கிடங்குச் சாவி என் மேசையில்தான் இருக்கும்.
மூலையில் ஒரு டப்பா மிச்சமிருந்தது
எனக்குத்தான் தெரியும்.
அம்மா, தரைவிரிப்பின் குஞ்சத்தைக்கூட
சீப்பால் வாரி விடுபவள்.
விருந்தாளி வாசலில் நிற்க
கைப்பிடியைத் துடைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள்.
அவள் பெயரின் கடைசி இரண்டு எழுத்தில்
ஏதோ கொடி ஏறியிருந்தது.
பிடுங்கியிருக்கலாம்.
பகலெல்லாம் மற்றவர்களுடையதைப் பிடுங்கிய கைதான்.
அன்று வியாழன் இல்லை என்பதைத் தவிர
வேறு காரணம் என்னிடம் இல்லை.

யாரும் கேட்கவில்லை.
ரொட்டிக்கடையில் மட்டும்
சில்லறையைக் கையில் தராமல் தட்டில் வைத்தார்கள்.

கூல்வென் அலுவலகத்துக்கு வந்தான்.
கிடங்குச் சாவியை எடுத்துத் தன் வளையத்தில் கோத்துக்கொண்டான்.
ஒரு பழுப்பு உறையை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.
பழக்கம், பிரித்தேன்.
கடுகை விடச் சின்னதாய்
வெள்ளைத் தீவனப்புல் விதை.

செப்டம்பரில் மரிவோன் எழுதினார்:
"தாடி பரவாயில்லை. அவருக்குக் களையாகத்தான் இருக்கிறது.
காது ஓரத்தை மட்டும் யாராவது வெட்டிவிடுங்கள்."
சிரித்தபடி கோப்பில் சேர்த்தேன்.

எட்டாம் வரிசை நன்றாக முளைத்திருக்கிறது.
முளைத்ததும் சட்டமாகவே முளைத்திருக்கிறது.
சுற்றியுள்ள புல்லைவிட ஒரு படி கூடுதல் பச்சை,
மேலே வெள்ளைப் பூ, பூவில் தேனீ.
வாசலில் இருந்தே தெரிகிறது
எது என் கல் என்று.