அழைக்கப்பட்டார், ஆஜரில்லை

உத்தரவு ஒன்றரை வரிதான்.
வாதி அழைக்கப்பட்டார். ஆஜரில்லை.
வழக்கு தள்ளுபடி.

அந்த நேரத்தில் நான்
என்.எஸ்.சி. போஸ் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன்.
சுவர் விழுந்த போட்டோ, மோட்டார் வாங்கிய பில்,
கரன்ட் ஆபீஸ் சீட்டு, எல்லாவற்றிலும் இரண்டிரண்டு.
எடுத்து வரச் சொன்னவர் என் வக்கீல்.
கரன்ட் போயிருந்தது.
"இதோ வந்துடும்கா" என்றான் கடைப்பையன்.
மாடியில் டவாலி என் பெயரை
மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார்.
அமலோற்பவம் என்று சேர்த்துச் சொல்ல
எல்லாருக்கும் வாய் வராது.
எப்படித்தான் கூப்பிட்டாரோ.

வக்கீல் எழும்பூரில் இருந்தார், வேறொரு கோர்ட்டில்.

அதை அவர் சொல்லவில்லை.
மாதா மாதம் போனேன்.
"நடக்குதும்மா" என்பார்,
முட்டிவலி தேவலையா என்று கேட்பார்.
கெட்ட மனுஷர் இல்லை.
மில்லிலிருந்து கொண்டுபோன நோட்டில் மாவு ஒட்டியிருக்கும்,
தட்டிவிட்டுப் பையில் வைப்பார்.
ரசீது கேட்கத் தோன்றவில்லை.
பாவமன்னிப்பு கொடுக்கிற சாமியாரிடம்
யாராவது ரசீது கேட்பார்களா?

செத்துப்போன வழக்குக்குப் பதினாலு மாதம்
கல்மண்டபத்திலிருந்து பஸ் ஏறியிருக்கிறேன்.

"முப்பது நாளுக்குள் மனு போட்டிருந்தால்
எழுப்பியிருக்கலாம்" என்றார் மண்ணடி ரெஹானா வக்கீல்.
லாசர் நாலாம் நாள் எழுந்தான்.
எனக்கு முப்பது நாள் இருந்திருக்கிறது.
தாமதத்தை மன்னிக்கச் சொல்லியும் ஒரு மனு போட்டோம்.
மன்னிக்கவில்லை.

ரெஹானாவுக்கு முன்னால் நாலு பேரிடம் போனேன்.
கட்டைப் பிரிப்பார்கள், பெயரைப் பார்ப்பார்கள்,
பழையபடி கட்டிக் கொடுப்பார்கள்.
"அண்ணன் மேலயா கேஸு?"
ஒருவர் மட்டும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

ரெஹானா வாங்கிக்கொண்டார். ஆனால் சொன்னார்:
"அவர் வராதது தப்புன்னு காட்டறது சுலபம்.
வந்திருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்கன்னு காட்டணும்,
அதுதான் கஷ்டம்."
சலித்ததையே திரும்ப
இன்னொரு சல்லடையில் கொட்டச் சொல்கிறார்.

ஆக மறுபடி அந்தச் சுவர்.
பக்கத்து மனையில் பதினோரு அடி தோண்டினார்கள்,
தட்டி கட்டவில்லை, இரண்டு நாள் மழை.
சனிக்கிழமை. சில்லறை மாற்ற நான் வெளியே போன கால்மணி நேரத்தில்
பத்து குதிரைசக்தி மோட்டார் மேல் சரிந்தது,
யாரோ ஊற வைத்து உலர்த்திய இடியாப்ப அரிசியும் சேர்த்து.
இப்போது அங்கே நாலு மாடி.
பால்கனியில் பள்ளிக்கூட யூனிபார்ம் காய்கிறது.
குழி அதற்கு அடியில் இருக்கிறது,
கூண்டேறிச் சாட்சி சொல்ல வராது.
மிளகாய் அரைக்க வந்திருந்த பெரியவர் பார்த்தார்,
அவர் எண்ணூர் மகள் வீட்டில்,
என்னைத் தெரிகிறது, மழையைத் தெரியவில்லை.

போன வாய்தாவில் பிரதிவாதியைக் கூப்பிட்டார்கள்.
பாக்கியநாதன், பாக்கியநாதன்.
எளிதான பெயர், தெளிவாகக் கேட்டது.
நான் படிக்கட்டுக்குக் கீழே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன்.
குழாய்க்கு அந்தப் பக்கம் அவர்,
கழுத்தில் வெள்ளைப்பட்டை இல்லை, காதில் போன்.
"சார், உங்களத்தான் கூப்பிடறாங்க. மேல போங்க."
யார் சொன்னது என்று பார்க்காமலே ஏறினார்,
கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக.
அவருக்கும் முட்டி.

பிராட்வே வரைக்கும் ரெஹானா திட்டிக்கொண்டே வந்தார்.
"பேசாம இருந்திருந்தா இன்னைக்கு எக்ஸ்பார்ட்டி ஆயிருக்கும்,
பாதி வேலை முடிஞ்சிருக்கும். யார் சொல்லச் சொன்னா?"
என்னிடம் பதில் இல்லை.
தண்ணீர் பாட்டிலை மூடக்கூட மறந்திருந்தேன்,
கட்டில் மேல்தாள் நனைந்துவிட்டது.

அடுத்த வாய்தா பத்தொன்பது.
புதுப்பூச்சுப் பூசிய மில் சுவரில்
கரித்துண்டால் எழுதினேன்.
ஒன்பது, ஏழு மாதிரி இருந்தது.
அழித்துவிட்டுப் பெரிதாக எழுதினேன்.