மூன்று சக்கரத் தாங்கி

இரவல் பொருள். மூன்றே சக்கரம்.
"திருப்பும்போது இடப்பக்கம் நிற்காதே"
என்று மட்டும் சொன்னான் ரூனே,
கடிக்கிற நாயைக் கைமாற்றுகிறவன்போல.

ஷெலெஃப்தியோவில் பிப்ரவரி.
கராஜில் ஒரு ஹீட்டர்,
பகலெல்லாம் பொய்ப்பல் செதுக்கிய என் கைகள்,
அறுபத்தாறாம் வருடத்து வோல்வோவின் எஞ்சின்.
முதுகை நான்கு இரும்புக் கைகளுக்குக் கொடுத்துவிட்டு
அந்தரத்தில் நிற்கிறது.
மில்லிமீட்டர் போல்ட் ஒன்றும் ஏறவில்லை,
இது அங்குலம் பேசும் இரும்பு.
கடைக்கு இரண்டு நடை.

ஊசியை உருவிக் கம்பியை அழுத்தினால்
நூற்றைம்பது கிலோ
தூக்கத்தில் புரள்வதுபோல் புரள்கிறது.
வயிறு மேலே.
கிராங்க்கைப் பிடித்திருக்கும் ஐந்து மூடிகளிலும்
அண்ணன் டாகே உளியால் குத்திய புள்ளிகள்:
ஒன்று, இரண்டு, மூன்று.
நாலாவதில் அவசரம் தெரிகிறது.

இன்னொரு அரைச்சுற்று.
ணிங்.
தகரத் தட்டில்
நகமளவு ஒரு ஸ்பிரிங் வாஷர்.

"உள்ளே எதுவும் விழவில்லை.
நீதான் தொலைத்தாய், குன்வோர்."
தொண்ணூற்று நாலில் சொன்னது.
கார் என்னிடம் நின்றது,
பேச்சும் நின்றது.
அத்தனை வருடமும் சகதிக்குள் பதுங்கி
என்னோடு ஊர் சுற்றியிருக்கிறது
டிக்கெட் எடுக்காமல்.
மண்ணெண்ணெயில் கழுவினேன்.
பளபளக்கிறது, நேற்றுப் போட்ட சண்டைபோல.

பேரிங் மாட்டியாயிற்று.
ஒவ்வொரு போல்ட்டும் போதுமென்று சொடுக்கியது.
பல் பார்க்கும் கண்ணாடியை
இண்டு இடுக்கெல்லாம் விட்டுப் பார்த்தேன்.
எந்தப் பக்கம் கேட்டாலும் காட்டும் தாங்கி
தான் பிடித்திருக்கும் பக்கத்தை மட்டும் காட்டாது.
பின் சீல் அங்கேதான்.
கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட வேண்டும்,
ஆடாமல் ஒருவர் பிடிக்க வேண்டும்.
ரூனே மகள் வீட்டுக்குப் போயிருக்கிறான்.

டாகேயின் எண் மாறவில்லை.
"வாஷர் கிடைத்தது" என்றேன்.
வெகுநேரம் மூச்சு மட்டும் வந்தது.
"எந்த சிலிண்டர் பக்கம்?"
"மூன்று."
"அப்படியானால் அது என்னுடையதில்லை."

வந்துவிட்டான்.
தொப்பியில் பனி இன்னும் உருகவில்லை.
சங்கிலி துளிகூட ஆடவில்லை,
அதை மட்டும் சொல்லத்தான் வேண்டும்.
பெருவிரலால் கம்பளி வளையத்தைச்
சுற்றிச் சுற்றி அமுக்குகிறேன்.
தட்டில் வாஷர் கிடக்கிறது.
தாண்டித்தான்
ஸ்பானரை எடுத்துத் தருகிறான்.